அண்ணன் கட்டிவைத்த பலகைகள்

என் அண்ணன் கடைசியாக முடித்த வேலை, படகில் நான்கு பலகைகளைக் கட்டிவைத்தது. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கட்டி முடித்துவிட்டு மலையிறங்கிப் போடிக்கு வந்தார். திங்கட்கிழமை காலையில் செத்துப்போனார். ‘காலமானார்’ என்று எழுதினால் மரியாதையாக இருக்கும்தான். எழுதிப் பார்த்தேன், அடுத்த தெருக்காரர் யாரையோ பற்றிச் சொல்வது போல இருந்தது, அடித்துவிட்டேன்.

பலகை என்று நாங்கள் சொல்வது, தண்ணீரில் போட்டு அதன்மேல் நின்றபடியே துடுப்புப் போடுகிற பேடில் போர்டை. பத்தடிக்கு மேல் நீளம், ஓர் ஆள் கைகாலை ஒடுக்கிக்கொண்டு படுத்தால் படுக்கலாம். உள்ளே நுரை, வெளியே வழவழப்பான கெட்டி ஓடு. கனம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தூக்குகிறவனோடு இவ்வளவு ஒத்துப்போகாத ஒரு பொருளை நான் பார்த்ததில்லை. நடுவில் விரல்கள் நுழைகிற மாதிரி ஒரு குழி இருக்கும். அதில் பிடித்து இடுப்போடு அணைத்துக்கொண்டால் ஒருவரே தூக்கி நடக்கலாம், காற்று இல்லாவிட்டால். காற்று அடித்தால் அது நம்மைத் தூக்கிக்கொண்டு நடக்கும்.

அண்ணன் இருபது வருஷம் லோடு ஜீப்பு ஓட்டியவர். காலையில் போடியிலிருந்து தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவார். சாயங்காலம் அவர்களோடு ஏலக்காய் மூட்டைகளும் இறங்கும். வளைவுகளில் சுற்றிச் சுற்றி இடுப்பு தேய்ந்துபோனதும், இனி ஜீப்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் ஜீப்பை விற்றுவிட்டு, கொச்சிப் பக்கம் போய் ஒரு பழைய மோட்டார் படகை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆறு பேர் உட்காரலாம், மேலே துணிக்கூரை. சிலமலையில் பிறந்து, கிணற்றில் நீச்சல் பழகியதைத் தவிர தண்ணீரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத எங்கள் குடும்பத்தில் படகு வாங்கிய முதல் ஆள் அவர்தான். நான் போடியில் கணக்கு வாத்தியார், வாய் சும்மா இருக்காது. “அண்ணே, கொட்டகுடி ஆத்துல வெள்ளம் வந்தாச் சொல்லுங்க, நானும் ஏறிக்கிறேன்” என்றேன். “உன்னைத்தான் வாத்தியாரே முதல்ல ஏத்துவேன், கழுத்துல கல்லைக் கட்டி” என்றார்.

படகு ஓடியது போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலக்காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவில் கிடக்கிற ஒரு நீர்த்தேக்கத்தில். கரையில் ஒரு விடுதி. அங்கே வந்து தங்குகிறவர்களை அண்ணன் படகில் சுற்றிக் காட்டுவார். பலகைகள் விடுதியுடையவை. விடுதிக்கு முன்னால் கரை முழுக்கச் சேறு, சேற்றுக்கு அப்பால் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் மரக்கட்டைகள். அங்கே பலகையில் ஏறி விழுகிறவர் கட்டைமேல்தான் விழ வேண்டும். எதிர்க்கரையில் மலை உள்வளைந்து, காற்றுப் படாத ஒரு சின்னத் துறை இருக்கிறது. தட்டில் ஊற்றி வைத்தது போலத் தண்ணீர் அசையாமல் நிற்கும். ஆகவே ஆட்களையும் பலகைகளையும் படகில் அங்கே கொண்டுபோய் இறக்கியாக வேண்டும். ஆட்களுக்கு இருக்கை இருந்தது, பலகைகளுக்கு இடமில்லை.

முதலில் படகுக்குள் நீளவாக்கில் போட்டுப் பார்த்தார். ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோருக்கும் முழங்காலில் அடி. அடுத்துக் கூரைமேல் ஏற்றினார். கூரையின் கம்பிகள் தாங்கின, காற்று விடவில்லை. நடு ஏரியில் படகு ஒரு பக்கம் சாய்ந்ததும், வந்திருந்த குடும்பம் மொத்தமாக மறுபக்கத்துக்கு ஓட, படகு அந்தப் பக்கம் இன்னும் மோசமாகச் சாய்ந்ததாம். பிறகு பலகைகளைப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துப் பார்த்தார். படகு வேகத்தைக் குறைத்தது, பலகைகள் குறைக்காமல் வந்து மோட்டாரில் முட்டின.

கடைசியில் தனக்குத் தெரிந்த வழிக்கு வந்தார். படகின் முன்பக்கத்தில் நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஏலக்காய் மூட்டை கட்டுவது போலக் காலால் மிதித்து இறுக்கிக் கட்டினார். மூட்டை இறுக்க இறுக்க அடங்கும். பலகை அடங்கவில்லை, மறுநாள் அவிழ்த்தபோது மேல் பலகையின் இரண்டு ஓரத்திலும் கயிறு தின்ற பள்ளம். போடி ஜீப்புக்காரரைத் தவிர வேறு யாரும் அதை அப்படிக் கட்டியிருக்க மாட்டார்கள். விடுதி மேனேஜர் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டியிருந்தால் அண்ணன் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். திட்டாததால் அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. இரண்டு நாள் மலைக்கே போகாமல் எங்கள் தெரு வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்து, நான்கு இரும்புக் கொம்புகள் செய்து வாங்கினார்.

படகின் இரண்டு ஓரத்திலும் வெளிப்பக்கமாக இரண்டிரண்டு கொம்புகள். அவற்றுக்குப் பழைய ஜீப்பு டியூபைச் சுற்றி, அதற்கு மேல் சாக்கு வைத்துத் தைத்தார். பலகையை அதில் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்த வேண்டும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, படகு சாயாமல். கால் வைக்கிற பக்கம் உள்ளே, அடிப்பக்கம் வெளியே. அடியில் மீனின் செட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் துண்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் யாருடைய தொடையையாவது கிழிக்கும். மூக்கு சற்றுத் தூக்கி நிற்க வேண்டும். கரையில் சும்மா நிற்கும்போது மேலே ஈரச் சாக்கு போட வேண்டும், வெயிலில் விட்டால் ஓடு கொப்புளித்துவிடும். இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு தடவை கெடுத்துவிட்டுத்தான் கண்டுபிடித்தார்.

கட்டுவதற்கு விடுதிக்காரர்கள் கொக்கி வைத்த பட்டைகள் கொடுத்தார்கள். அண்ணன் அவற்றைத் தொடவில்லை. ஜீப்பில் மூட்டை கட்டிய பச்சை நைலான் கயிற்றையே கொண்டுவந்தார். ஒரே கயிறு. இடது பக்கப் பலகைகளைச் சுற்றி, இருக்கைகளுக்கு அடியில் போய், வலது பக்கப் பலகைகளைச் சுற்றி, திரும்பி வந்து ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் முடியும். முடிச்சும் ஒன்றுதான். அதன் வால் தொங்கிக்கொண்டிருக்கும். வாலைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் எல்லாம் உருவிக்கொண்டு இரண்டு பக்கமும் விட்டுவிடும். எதற்கு இந்த வித்தை என்று கேட்டேன். “அந்தத் துறைக்கு யானை தண்ணி குடிக்க வரும்டா. நின்னு நெதானமா நாலு முடிச்சு அவுத்துக்கிட்டு இருக்க முடியுமா? பலகையைத் தண்ணியில விட்டுட்டு ஆளுகளைக் கூட்டிக்கிட்டு வெரசா வந்துரணும்” என்றார்.

அவர் பீச்சாங்கைக்காரர். சாப்பிடுவதற்கு மட்டும் அப்பாவின் அடிக்குப் பயந்து வலது கை, மற்றதெல்லாம் இடது. கியர் இடது கைப் பக்கம் இருப்பதால்தான் தான் டிரைவராக முடிந்தது என்று பெருமையாகச் சொல்வார். அவர் கட்டிய கொசுவலைக் கயிறு, சாக்கு மூட்டை, பிளாஸ்டிக் பை எதையும் மற்றவர்கள் லேசில் அவிழ்க்க முடியாது, எல்லாம் எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும். “இவுக கட்டுனதை அவுக்குறதுக்கே தனியா ஒரு கை வேணும்” என்று மதினி சலித்துக்கொள்வார். மதினிக்கு ராசிங்காபுரம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டே இருந்தவர்.

அந்தத் திங்கட்கிழமை அண்ணன் எழுந்து வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மதினி உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தார். டம்ளரோடு வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். என் வீடு இரண்டு தெரு தள்ளி. நான் ஓடிவந்து சேர்ந்தபோது அந்தக் காப்பி இன்னும் சூடாக இருந்தது. எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், யாரோ அதை என் கையில் கொடுத்தார்கள், நான் குடித்துவிட்டேன்.

எனக்கு அழுகை வரவில்லை. பந்தல்காரருக்குச் சொன்னேன், பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகனுக்குச் சொன்னேன், ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன். சுடுகாட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஏதாவது செய்ய வேண்டும் போலிருக்கிறதே என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களை மூன்றாம் நாளே உட்கார்ந்து திருத்தினேன். ஒரு பிழை வரவில்லை. எனக்கே என்னைப் பார்க்கக் கொஞ்சம் அருவருப்பாக இருந்தது, அதுவும் அரை நாளில் போய்விட்டது.

கேதம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் மதினியிடம் ஒன்றையே கேட்டார்கள். கட்டிப்பிடித்து அழுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், பிறகு குரலைத் தாழ்த்தி, “சிரமப்பட்டாரா?” என்பார்கள். மதினி ஒவ்வொருவருக்கும், “தெரியலயே. நான் உள்ளல்ல இருந்தேன்” என்று பதில் சொன்னார். சிலமலையிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்த அன்று அதைப் பதினோரு தடவை சொன்னார். நான் எண்ணினேன். வேறு வேலை இல்லாமல் எண்ணினேன். யாராவது ஒருவரிடம், ‘இல்லை, தூக்கத்திலேயே போனது போலப் போய்விட்டார்’ என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போகலாமே என்று எனக்குத் தோன்றியது. அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை. தெரியாததைத் தெரியாது என்றார், ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

பதினாறாம் நாள் மூத்த பெண்கள் சுற்றி நின்று மதினியின் கழுத்தில் இருந்ததைக் கழற்றினார்கள். எனக்கு இந்தச் சடங்குகளின் மேல் எப்போதும் கோபம் உண்டு, வேறு வீடுகளில் வாய்விட்டுச் சண்டை போட்டிருக்கிறேன். அன்று சும்மா நின்றேன். கோபப்படுவதற்குக்கூட எனக்குள் ஆள் இல்லை.

மறுநாள் விடுதி மேனேஜர் போன் செய்தார். மலையாளி, கேதத்துக்கு வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனவர். படகில் தண்ணீர் ஏறியிருக்கும், யாராவது வந்து பார்த்தால் நல்லது, முடிந்தால் பலகைகளை இறக்கிக் கொடுத்தால் சீசனுக்கு ஆகும் என்றார். அதை மதினியிடம் சொன்னேன். அவர் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார்.

“பலகை கட்டித்தான் இருக்கா?” என்று கேட்டார்.

“ஆமா மதினி. அண்ணன் ஞாயித்துக்கெழமை கட்டுனது அப்படியே இருக்காம்.”

கொஞ்ச நேரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். “அதை யாரும் அவுக்க வேணாம் தம்பி. முப்பது கழிஞ்சதும் நான் வர்றேன். நான் அவுக்குறேன்.”

நான் ஏன் என்று கேட்பதற்குள் அவரே சொன்னார். “அவுக போட்ட முடிச்சு ஒண்ணை என்னையக் கேக்காமயே அவுத்தாச்சு. இது ஒண்ணையாவது என் கையால அவுக்கணும்.”

“சரி மதினி. யாரும் தொடமாட்டாக” என்றேன்.

முப்பதாம் நாள் காரியம் முடியும்வரை மதினி வாசல் தாண்டக் கூடாது. அதற்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன், முழுசாகச் சொல்லவில்லை, அண்ணன் மனைவி வந்துதான் அவிழ்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நம் ஊர்க்காரர் என்றால் நூறு கேள்வி கேட்டிருப்பார். அவர், “சேச்சி வரட்டே சேட்டா. நான் வேற நோக்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டு, எங்கிருந்தோ காற்றடிக்கிற பலகைகள் இரண்டை வரவழைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை மூணாறு பஸ்சில் ஏறி மலைக்குப் போனேன். படகில் சேர்ந்த தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டு, மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுவிட்டு வருவேன். பலகைகளின் மேல் சாக்கை நனைத்துப் போடுவேன். முடிச்சைப் பார்ப்பேன். பச்சைக் கயிறு, கொக்கியில் இரண்டு சுற்று, ஒரு கண்ணி, ஒரு சாண் வால். அதைப் பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை, அது ஒரு முடிச்சாக மட்டுமே இருந்தது.

சாயங்காலம் இறங்கியதும் நேரே மதினி வீட்டுக்குத்தான் போவேன். காலைக் கழுவுவதற்கு முன்னாலேயே கேட்பார். “இருக்கா?”

“இருக்கு மதினி.”

“தொவண்டு போகலயே?”

“இல்ல.”

அதற்கு மேல் பேச்சு இருக்காது. ஆனால் அந்த நாட்களில் அவர் குளித்திருப்பார், அடுப்பில் ஏதாவது இருக்கும். நான் போகாத நாட்களில் காலையில் விரித்த பாய் சாயங்காலமும் அப்படியே கிடப்பதாக என் மனைவி சொன்னாள். அந்த முடிச்சை வைத்துத்தான் அவர் எழுந்து உட்காருகிறார் என்பது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. கணக்கு தெரிவது போலத் தெரிந்தது.

இருபத்தைந்தாம் நாள், வியாழக்கிழமை. முந்தின நாள் மலையில் நல்ல கோடை மழை. நான் போனபோது மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. ஏரியில் சின்னச் சின்ன அலை. நனைந்த நைலான் கயிறு நெகிழ்ந்துவிடும், அது ஜீப்புக்காரர் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. இடது பக்கத்தில் வெளியே நிற்கும் பலகை தளர்ந்துபோய், அலைக்கு அலை இரும்புக் கொம்பில் டொக், டொக் என்று மோதிக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் ஓடு உடைந்துவிடும். இடையில் ஒரு சாக்கை மடித்துச் செருகினால் போதும். அதற்காகத்தான் படகில் ஏறினேன், சாக்கு என் கையில்தான் இருந்தது.

காலேஜில் படிக்கும்போது லீவு நாட்களில் நான் அண்ணனின் ஜீப்பில் போவதுண்டு. வழியில் மூட்டை ஆடினால் ஓரம் கட்டி நிறுத்துவார். தளர்ந்த கட்டின் மேலேயே இழுத்து இறுக்குவது என்பது ஜீப்புக்காரர்களிடம் கிடையாது. முதலில் வாலை உருவு, பிறகு ஆரம்பத்திலிருந்து கட்டு. எத்தனை தடவை நானே இறங்கி வாலை உருவியிருப்பேன். ஆடுகிற சுமையைப் பார்த்ததும் கை அங்கேதான் போகும்.

போயிற்று. சாக்கைக் கீழே போட்டுவிட்டு, ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்து, வாலைப் பிடித்து இழுத்தேன். கண்ணி உருவி, சுற்று இரண்டும் கழன்று, கயிறு இருக்கைகளுக்கு அடியில் சரசரவென்று ஓடியது. இரண்டு பக்கமும் பலகைகள் சாய்ந்து தண்ணீரில் விழுந்தன. ஒரு நொடிகூட ஆகவில்லை. கயிற்றின் நுனி என் கையில் இருந்தது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது எனக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும். காற்றுக்குப் பலகைகள் விலகிப் போகின்றனவே, பிடிக்க வேண்டுமே என்றுதான் நினைத்தேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நான்கையும் பிடித்துக்கொண்டுவந்தேன். கொம்புகளில் நிறுத்தினேன், இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், அடிப்பக்கம் வெளியே, மூக்கு மேலே. கயிற்றை அவர் ஓட்டிய வழியிலேயே ஓட்டினேன். முடிச்சு மூன்று தடவை தப்பாக வந்தது, நான்காவது தடவை சரியாக இருந்தது. இரண்டு சுற்று, ஒரு கண்ணி, ஒரு சாண் வால். எட்ட நின்று பார்த்தேன். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. வேட்டி காயும்வரை கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறினேன்.

“இருக்கா?” என்றார் மதினி.

“இருக்கு மதினி” என்றேன். குரல்கூட மாறவில்லை.

“மழை பெஞ்சுச்சாமே. தொவண்டு போகலயே?”

“இல்ல. நல்லா இறுக்கமா இருக்கு.”

அது உண்மைதான். சனிக்கிழமையும் போனேன், அதையே சொன்னேன்.

முப்பது கழிந்த மறுநாள் மதினியைக் கூட்டிக்கொண்டு காலை பஸ்சில் கிளம்பினேன். ஒரு மாதம் வெளியே வராதவருக்கு வெயிலில் கண் கூசியது, முந்தானையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தார். மெட்டு தாண்டியதும், “வீட்டுல ஒரு தடவை கட்டிப் பாத்தேன் தம்பி, கொடிக் கயித்துல. அவுக கட்டுற மாதிரி வரல” என்றார்.

விடுதி மேனேஜர் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கூட வராமல் வராந்தாவிலேயே நின்றுகொண்டார். சேற்றின் மேல் மரச் சட்டங்கள் போட்டிருந்த நடைபாதையில் மதினி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். நான் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டேன், ஏறினார். முதலில் இடது பக்கப் பலகையைத் தொட்டார். கொம்பில் தைத்திருந்த சாக்கின் தையலைத் தடவினார். பிறகு போய் ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தார். படகு லேசாக ஆடி நின்றது.

அவர் முடிச்சைப் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டே, அண்ணன் செய்வது போல, இடது கையைக் கீழே கொண்டுபோனார். கை கொக்கியைத் தொட்டது, வாலைத் தேடியது. அங்கே வால் இல்லை. வலக்கைக்காரனான என் முடிச்சில் வால் கொக்கிக்கு வலது பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. தேடிய கை அப்படியே நின்றது. பிறகுதான் குனிந்து பார்த்தார்.

“தம்பி, இது அவுக போட்டது இல்ல” என்றார்.

“இல்ல மதினி.”

“யாரு போட்டா?”

“நான்தான். புதன்கெழமை பெஞ்ச மழைக்குக் கயிறு தளந்துருச்சு, பலகை மோதிக்கிட்டு இருந்துச்சு. சாக்கு வைக்கத்தான் வந்தேன். கை போயிருச்சு மதினி. நான்தான் அவுத்தேன்.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. என் தங்கச்சியாக இருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பாள். மதினி முடிச்சையே பார்த்தபடி இருந்தார்.

“அவுக்குறப்ப நீங்க மட்டுந்தான் இருந்தீகளா?”

“ஆமா மதினி.”

“பக்கத்துலயே இருந்தீகளா?”

“இங்கதான், நீங்க உக்காந்திருக்குற எடத்துல.”

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சிரமப்பட்டுச்சா?”

முப்பது நாளாக ஊரும் உறவும் அவரிடம் கேட்ட கேள்வி. ஒரு தடவைகூட அவரால் பதில் சொல்ல முடியாத கேள்வி. காப்பி டம்ளரோடு அவர் வெளியே வந்தது, அதை நான் வாங்கிக் குடித்தது, எல்லாம் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றது.

“இல்ல மதினி. சிரமமே படல. தொட்டதும் வந்துருச்சு. ஒரே இழுப்பு.”

“ஒரே இழுப்பு” என்றார் அவரும். மெதுவாகத் தலையை ஆட்டினார், இரண்டு மூன்று தடவை.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முழங்காலளவு சேற்றுத் தண்ணீரில் நின்று, நாற்பத்தெட்டு வயது வாத்தியார், மேனேஜர் பார்க்கிறாரே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன். என் அண்ணன் செத்துப்போனார் என்பது முப்பத்தோராம் நாள் எனக்குத் தெரிந்தது. மதினி என்னைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் ஓய்ந்ததும், “பலகையைக் கேட்டுக்கிட்டு இருந்தாகள்ல, எறக்கிக் குடுத்துருவோம்” என்றார். வலது கையால் என் முடிச்சின் வாலைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். நானும் படகில் ஏறி, அவரோடு சேர்ந்து பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.